பார்ப்பதும் தெரிவதும்



1978 செப்டம்பர் 25 காலை, அமெரிக்காவின் சான் டியேகோ விமான நிலையத்தை நோக்கி பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வானம் தெளிவாக இருந்தது. அந்தப் போயிங்குக்கு முன்னால், சற்றுத் தாழ்வாக, செஸ்னா என்ற சிறிய விமானம் பறந்துகொண்டிருந்தது. தரையில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் ஒரு முறைக்கு மேல் எச்சரித்தார்கள். தெரிகிறது என்று விமானிகள் பதில் சொன்னார்கள். அப்படியானால் கண்ணில் வைத்துக்கொண்டே விலகி வாருங்கள் என்று உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சிறு விமானம் அவர்கள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. எங்கே போயிருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வலப்பக்கமாகக் கடந்து போயிருக்கும் என்று எண்ணினார்கள். இப்போது தெரியவில்லை என்பதைக் கீழே இருந்தவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. விமானங்கள் மோதின. இரண்டிலும் இருந்த அனைவரும், தரையில் ஏழு பேருமாக, 144 பேர் இறந்தார்கள். விசாரணை செய்த வாரியம், பார்வையிலிருந்து தவறியதை விமானிகள் தெரிவிக்காததை விபத்துக்கான காரணத்தில் சேர்த்து எழுதியது.

விமானிகளின் வானொலிப் பேச்சுக்கு உலகெங்கும் ஒரே வாய்பாடு உண்டு. அருகே ஒரு விமானம் என்று எச்சரிக்கை வந்ததும், தேடத் தொடங்கியவர் 'லுக்கிங் அவுட்' என்பார். கண்ணுக்கு அகப்பட்டால் 'டிராஃபிக் இன் ஸைட்' என்பார். அகப்படாவிட்டால் 'நெகட்டிவ் கான்டாக்ட்' என்பார். தேடுகிறேன், தெரிகிறது, தெரியவில்லை. மூன்றும் மூன்று நிலை. முதலாவதைச் சொன்னவர் இன்னும் முயற்சியில்தான் இருக்கிறார். விலகிப் போகும் பொறுப்பை அவரிடம் விடக் கூடாது. இரண்டாவதைச் சொன்னவரிடம் விடலாம். ஒரு மொழி 'லுக்' என்ற வினையையும் 'ஸீ' என்ற வினையையும் தனித்தனியே வைத்திருப்பது எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தின் பார்வை வினைகளைப் பற்றியது. 'ஸீ', 'லுக்', 'வாட்ச்', 'அப்ஸர்வ்', 'நோட்டீஸ்', 'ஸ்பாட்', 'கிளான்ஸ்', 'கிளிம்ப்ஸ்', 'ஸ்டேர்', 'கேஸ்', 'பியர்', 'பீப்' என்று அது ஒரு பெரிய கூட்டம். நம் பள்ளிப் பொருட்பட்டியல்களில் இவற்றில் பலவற்றுக்கு நேரே 'பார்' என்று இருக்கும். சிலவற்றில் 'உற்று', 'கூர்ந்து' என்று ஒரு அடைமொழி ஏறியிருக்கும். அதைப் படிக்கும் பிள்ளைக்கு இவையெல்லாம் ஒரே செயலின் கூடுதல் குறைவு என்றுதான் தோன்றும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த வினைகள் கண் எவ்வளவு உழைத்தது என்று அளப்பவை அல்ல. நடந்தது யாருடைய செயல், யார் அதற்குப் பொறுப்பு என்று பங்கிட்டுக் கொடுப்பவை. பார்த்தவர் முயன்றாரா, பொருள் தானாக வந்து கண்ணில் விழுந்ததா, நடுவே காலம் ஓடியதா என்பதைத்தான் ஒவ்வொரு வினையும் சொல்கிறது.

கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1949இல் மனம் பற்றி எழுதிய நூலில் வினைகளை இரண்டு சாதியாகப் பிரித்தார். ஒன்று முயற்சியைச் சொல்வது, மற்றது முயற்சி பலித்ததைச் சொல்வது. தேடுவது முயற்சி, கண்டெடுப்பது பலன். வைத்தியம் பார்ப்பது முயற்சி, குணமாக்குவது பலன். 'லுக்' முதல் வகை, 'ஸீ' இரண்டாம் வகை. இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. 'கேர்ஃபுல்லி' என்ற சொல்லை இரண்டின் பக்கத்திலும் வையுங்கள். 'லுக் கேர்ஃபுல்லி' இயல்பாக நிற்கும். 'ஸீ கேர்ஃபுல்லி' நிற்காது. கவனமாக முயலலாம், கவனமாக வெல்ல முடியாது. ஒருவரைப் பார்த்து 'லுக்!' என்று ஏவலாம். அவர் பார்த்தும் அகப்படாமல் போகலாம். அது அவர் குற்றம் ஆகாது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், ஜெனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் வினைகளும் காலமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று வினைச்சொல் ஆராயும் எவரும் அதைக் கடந்து போக முடியாது. அதன் கடைசிப் பகுதி முழுவதும் 'ஸீ' பற்றித்தான். 'ஸ்பாட்' என்ற வினை ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவது. 'ஸீ' அப்படியும் இருக்கலாம், நீடிக்கும் நிலையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அது நடந்துகொண்டிருக்கும் வேலை அல்ல. நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்ற கேள்விக்கு 'ஸீ' பதில் ஆகாது.

இப்போது நம் பக்கம் வருகிறேன். தமிழில் இந்தப் பிரிவு இல்லை, எல்லாவற்றுக்கும் பார் என்ற ஒரே சொல்தான் என்று ஆசிரியர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. தேரோட்டத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்ட அப்பா என்ன கேட்கிறார்? "அங்க பாரு. தெரியுதா?" முதல் சொல் ஏவல், அடுத்தது கேள்வி. பார் என்று ஏவுகிறார். தெரி என்று ஏவவில்லை, ஏவவும் முடியாது. தெரிந்ததா என்று கேட்கத்தான் முடியும். இதற்கு ஆங்கிலம் 'லுக் ஓவர் தேர். கேன் யூ ஸீ இட்?' என்பது. ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்துகிறது.

இலக்கணமும் சாட்சி சொல்கிறது. நான் பார்க்கிறேன் என்கிறோம். எனக்குத் தெரிகிறது என்கிறோம். முதலில் நான் எழுவாய், செய்பவன். இரண்டாவதில் நான்காம் வேற்றுமை. எனக்கு ஒன்று நேர்கிறது, நான் அதைப் பெறுகிறேன். பசிப்பதும் வலிப்பதும் புரிவதும் பிடிப்பதும் இதே வரிசையில் நிற்பவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஐ' என்ற ஒரே எழுவாய்தான் வருகிறது. ஆகவே அங்கே வித்தியாசம் முழுவதும் வினைச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. நம் மொழியில் அது வேற்றுமை உருபாக வெளியே நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று எண்ணிப் பாருங்கள். நாம்தான் அதைக் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை.

பார் என்ற சொல்லின் குணமும் முயற்சிதான். வேலை பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், பெண் பார்க்கப் போகிறோம், சாப்பிட்டுப் பார்க்கிறோம். ஒன்றிலும் தெரி வந்து உட்கார முடியாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நேற்று உன்னைக் கடைத்தெருவில் பார்த்தேன் என்கிறோமே, அங்கே முயற்சி எங்கே? இறந்த காலத்தில் பார் தன் வேலி தாண்டி, பலனையும் சேர்த்துக்கொள்கிறது. நம் மாணவர் தடுக்கி விழுவது சரியாக இந்த இடத்தில்தான். 'ஐ லுக்ட் அட் யூ இன் த மார்க்கெட்' என்று எழுதினால், வேண்டுமென்றே உன் பக்கம் கண்ணைத் திருப்பினேன் என்றாகிவிடும். அவர் சொல்ல நினைத்தது 'ஐ ஸா யூ'.

பழந்தமிழில் இந்த வேலையைக் காண், நோக்கு என்ற இரண்டு வினைகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. மிதிலையில் இராமனும் சீதையும் முதன்முதல் பார்த்துக்கொள்ளும் இடத்தில் கம்பர் நோக்கு என்ற வினையைப் போட்டார். இருவர் விருப்பமும் அந்தப் பார்வையில் இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் இராமனிடம் வாய் திறக்கும்போது காண் என்ற வினையில் தொடங்குகிறான். தேடிய தேட்டம் பலித்தது என்ற செய்தி முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

தெரி என்பதற்குப் பார்வையில் படுவது, அறிவது என்று இரண்டு பொருளும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஒருவர் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு 'ஐ ஸீ' என்றால் புரிந்தது என்று பொருள். வடமொழியின் 'வேத', கிரேக்கத்தின் 'ஓய்தா', லத்தீனின் 'விதேரே', ஆங்கிலத்தின் 'விட்', 'வைஸ்' எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. சில அறிவைச் சொல்லும், சில பார்வையைச் சொல்லும். ஈவ் ஸ்வீட்ஸர் 1990இல் வெளியிட்ட நூலில், பார்வைச் சொற்கள் அறிவுச் சொற்களாக மாறுவது பொதுப்போக்கு என்று காட்டினார். பத்தாண்டு கழித்து நிக்கலஸ் எவன்ஸும் டேவிட் வில்கின்ஸும் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளை ஆராய்ந்து, அங்கே அறிவுக்குச் சொல் தருவது காது என்று மறுத்தார்கள். நமக்கு இரண்டு வழியும் பழக்கம். தெரி கண் வழியாக வந்தது; குறளில் கல்வி, கல்லாமை அதிகாரங்களுக்கு அடுத்து வரும் கேள்வி அதிகாரம் காது வழியாக வந்த அறிவைப் பேசுவது.

அடுத்தது 'வாட்ச்'. இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல்லுக்கு விழித்திருத்தல் என்று பொருள். 'வேக்' என்ற சொல்லோடு உடன்பிறந்தது. கண்ணைப் பற்றிய சொல்லாக அது தொடங்கவே இல்லை. தூங்காமல் இருப்பதைச் சொல்லத் தொடங்கியது. நம் தெருவில் இரவெல்லாம் விசிலோடு நடக்கும் வாட்ச்மேன் அந்தப் பழம்பொருளை அப்படியே சுமந்துகொண்டு போகிறார். கப்பலில் மாலுமிகள் முறை வைத்து விழித்திருக்கும் நேரத்துக்கும் 'வாட்ச்' என்றுதான் பெயர். டெஸ்ட் மேட்சில் மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் நல்ல மட்டையாளரைக் காப்பாற்ற, பின்வரிசை வீரர் ஒருவரை 'நைட்வாட்ச்மேன்' என்று முன்னால் அனுப்புகிறார்கள். அவர் ஓட்டம் எடுக்கப் போவதில்லை. பொழுது சாயும்வரை விழித்து நிற்கப் போகிறார்.

ஆகவே 'வாட்ச்' செய்வதற்கு இரண்டு வேண்டும். காலம் ஓட வேண்டும், ஏதாவது மாற வாய்ப்பு இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் ஓவியத்தை 'லுக்' செய்யலாம், 'வாட்ச்' செய்தால் கேட்பவர் திகைப்பார். அந்த ஓவியம் என்ன செய்துவிடப் போகிறது என்று கேட்பார். மலையை 'வாட்ச்' செய்ய முடியாது. அதன் மேல் மேகம் ஏறுவதைச் செய்யலாம். 1901இல் எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர் பறவைகளைப் பற்றிய தம் நூலுக்குப் 'பேர்ட் வாட்சிங்' என்று தலைப்பு வைத்தார். பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பெட்டியில் அடுக்குவதே பறவையியல் என்று பலர் நினைத்த காலம். பறவை கூடு கட்டுவதை, சண்டையிடுவதை, இணை சேர்வதை மறைவில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் அறிவு என்று அவர் வாதாடினார். 'வாட்ச்' என்ற வினை அந்த வாதத்தின் பாதி. இறந்த பறவையை யாரும் 'வாட்ச்' செய்ய முடியாதல்லவா! இதோடு ஒப்பிடுங்கள்: ஊர் சுற்றிப் பார்ப்பது 'ஸைட்ஸீயிங்'. அங்கே பலன்தான் முக்கியம். தாஜ்மகாலைப் பார்த்தாயிற்று, அடுத்த இடம். ரயில் எஞ்சின்களைக் குறித்துவைக்கும் பிரிட்டிஷ் பொழுதுபோக்குக்கு 'டிரெய்ன்ஸ்பாட்டிங்' என்று பெயர். எண் கண்ணில் பட்ட அந்தக் கணத்தோடு வேலை முடிந்தது.

சினிமாவுக்கு எது, டிவிக்கு எது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். டிவிக்கு எப்போதும் 'வாட்ச்'. திரையரங்கில் பார்த்த படத்துக்குப் பெரும்பாலும் 'ஸீ'. அங்கே படம் முழுசாக ஒரு நிகழ்ச்சி, அதைப் பெற்றுத் திரும்புகிறோம். அதே படத்தை வீட்டில் போட்டால் 'வாட்ச்'. நேற்றைய மேட்சைப் பார்த்தாயா என்று ஆங்கிலத்தில் 'டிட் யூ ஸீ' என்று கேட்டால், அந்த முடிவு உன்னிடம் இருக்கிறதா என்ற கேள்வி. 'டிட் யூ வாட்ச்' என்று கேட்டால், அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாயா என்ற கேள்வி.

'வாட்ச் த சில்ட்ரன்' என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள். 'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்றால் பார்த்துப் போ. தமிழில் பார்த்துக்கொள், பார்த்துக்கொண்டிரு என்று துணைவினை செய்யும் வேலையை ஆங்கிலத்தில் தனிச்சொல் செய்கிறது. மாணவருக்கு 'வாட்ச்' என்பதைப் பார் என்று எழுதிக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிரு என்று எழுதிக் கொடுத்தால் பாதிச் சிரமம் குறையும்.

அந்தச் சிரமத்தின் மறுபாதி தொடர்வினை வடிவத்தில் இருக்கிறது. நான் ஒரு படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை மனத்தில் வைத்து 'ஐ ஆம் ஸீயிங் எ ஃபிலிம்' என்கிறோம். பலனைச் சொல்லும் வினைக்கு நடந்துகொண்டிருக்கும் வடிவம் ஒட்டாது. இந்த நொடியில் தெரிவதைச் சொல்ல 'ஐ கேன் ஸீ' என்பதே வழக்கு. 'ஸீயிங்' வரும் இடங்களில் பொருளே மாறிப்போகிறது. 'ஐ ஆம் ஸீயிங் த டாக்டர் டுமாரோ' என்றால் நாளை மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு. 'ஐ ஆம் ஸீயிங் ஹெர்' என்றால் அவளோடு காதல் உறவில் இருக்கிறேன். வெளிநாட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நம் பிள்ளை, எதிர்மேசைப் பெண் கண்ணுக்குத் தெரிகிறார் என்று சொல்ல நினைத்து இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் விளைவு சங்கடமானது. இதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது.

இனி, பார்த்தும் காணாமல் போவதைப் பற்றி. 1846இல் நெப்டியூனைத் தேடிய கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். யுரேனஸின் ஓட்டத்தில் இருந்த கோணலை வைத்து, அதற்கப்பால் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று பிரான்ஸில் லெவெரியேவும் இங்கிலாந்தில் ஆடம்ஸும் தனித்தனியே கணக்கிட்டார்கள். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாலிஸ் தொலைநோக்கி வழியே தேடினார். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு முறை அந்தக் கோளைக் கண்டு, அதன் இடத்தையும் குறித்து வைத்தார். ஆனால் குறிப்புகளை உடனே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அது கோள் என்று அவருக்குத் தெரியவில்லை. செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோஹான் கால்லே கண்டுபிடித்தார். அதற்கும் இருநூறு ஆண்டுக்கு மேல் முன்பே, 1612 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும், வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்த கலீலியோ அதே நெப்டியூனை ஒரு விண்மீனாக எண்ணிக் குறித்திருக்கிறார்.

சாலிஸ் செய்ததற்கு ஆங்கிலத்தில் எந்த வினை? 'லுக்' செய்தார், ஐயமில்லை. 'ஸீ' செய்தார் என்றும் சொல்லலாம், ஒளி கண்ணில் விழுந்தது. 'அப்ஸர்வ்' செய்தார், முறைப்படி பார்த்துப் பதிவும் செய்தார். 'நோட்டீஸ்' மட்டும் செய்யவில்லை. எனக்கு இந்த நான்கு வினைகளின் எல்லைகளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைத்ததில்லை.

'அப்ஸர்வ்' என்பதன் லத்தீன் மூலத்தில் காத்தல், பேணுதல் என்ற பொருள் இருக்கிறது. அதனால்தான் விரதத்தையும் விதியையும் மௌன அஞ்சலியையும் இதே வினையால் சொல்கிறார்கள். ஒரு முறைக்குக் கட்டுப்பட்டுப் பார்ப்பது அது. கோனன் டாயில் 1891இல் ஸ்டிராண்ட் இதழில் எழுதிய கதை ஒன்றில் ஷெர்லாக் ஹோம்ஸ் இந்த வித்தியாசத்தை வாட்ஸனுக்கு மாடிப்படியை வைத்து விளக்குகிறார். வாட்ஸன் நூற்றுக்கணக்கான முறை ஏறிய படி. எத்தனை என்று அவருக்குத் தெரியாது. ஹோம்ஸுக்குத் தெரியும், 17. வாட்ஸனுக்கு 'ஸீ' இருந்தது, ஹோம்ஸிடம் 'அப்ஸர்வ்' இருந்தது.

'நோட்டீஸ்' வேறு. அதைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது. தமிழில் கண்ணில் பட்டது என்கிறோமே, அதுதான். அங்கே கண் எழுவாய் அல்ல, இடம். பொருள்தான் வந்து படுகிறது. 2013இல் டிராஃப்டன் டிரூ, மெலிஸா வோ, ஜெரமி வுல்ஃப் ஆகியோர் ஒரு சோதனை நடத்தினார்கள். நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தைப் புகுத்தியிருந்தார்கள். அது சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவி இன்னொன்றையும் காட்டியது: அந்த இருபதில் 12 பேரின் கண் நேராகக் கொரில்லா இருந்த இடத்திலேயே நின்றிருக்கிறது. தேர்ந்த மருத்துவர்கள், முழு முயற்சியோடு பார்த்தவர்கள். முயற்சி அவர்கள் கையில் இருந்தது. கண்ணில் படுவது அவர்கள் கையில் இல்லை.

பார்வையின் விதத்தைச் சொல்லும் வினைகளுக்கு வருகிறேன். இவற்றில் பலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனெனில் தமிழ் இவற்றை வினையெச்சத்தால் அழகாகச் சொல்லிவிடுகிறது. 'ஸ்டேர்' வெறித்துப் பார்ப்பது. விறைப்பு என்ற பழம்பொருள் அதில் இருக்கிறது, இமை அசையாத பார்வை. 'கிளேர்' முறைப்பது. 'பீப்' ஒளிந்து எட்டிப் பார்ப்பது. 'பியர்' கண்ணைச் சுருக்கி, தெரியாததைத் தெரிந்துகொள்ள வருந்திப் பார்ப்பது. மங்கலான எழுத்தைப் படிக்கும் முதியவர் செய்வது. 'கேஸ்' தன்னை மறந்து நெடுநேரம் பார்ப்பது. லாரா மல்வி 1975இல் சினிமா பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் ஆண்பார்வை என்ற விமரிசனப் பொருளும் இச்சொல்லுக்குச் சேர்ந்துவிட்டது.

நிற்க வேண்டிய இடம் 'கிளான்ஸ்', 'கிளிம்ப்ஸ்' என்ற ஜோடி. இரண்டும் ஒரு நொடிப் பார்வை. அகராதிகள் இரண்டுக்கும் கணநேரப் பார்வை என்று எழுதும். ஆனால் பொறுப்பு தலைகீழ். ஒரு தலைவரின் கார் சாலையில் விரைகிறது, இருபுறமும் கூட்டம். அவர் கண்ணாடி வழியே கூட்டத்தின் பக்கம் ஒரு பார்வை வீசுகிறார். அது 'கிளான்ஸ்', விரும்பினால் இன்னும் பார்த்திருக்கலாம், சுருக்கியது அவர். கூட்டத்தில் நிற்பவருக்குக் கிடைத்தது 'கிளிம்ப்ஸ்'. எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கத் தயாராக இருந்தார், சுருக்கியது காரின் வேகம். அதே நொடி, அதே கண்ணாடி. பார்வை வீசியவருக்கு ஒரு சொல், தரிசனம் கிட்டியவருக்கு இன்னொரு சொல். உடன் வரும் வினைகளும் அதைத்தான் சொல்கின்றன: 'டேக் எ கிளான்ஸ்', 'கேட்ச் எ கிளிம்ப்ஸ்'. ஒன்று எடுப்பது, மற்றது எட்டிப் பிடிப்பது. 'கிளான்ஸ்' ஒரு பரப்பில் பட்டுச் சறுக்கிச் செல்வதைச் சொன்ன சொல். கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி புகழ்பெறச் செய்த 'லெக் கிளான்ஸ்' ஆட்டத்தில் பந்து மட்டையில் பட்டும் படாமலும் திரும்பிப் போகிறதே, அது அந்தப் பழம்பொருள். 'கிளிம்ப்ஸ்' மினுக்கத்தைச் சொல்லும் 'கிளிம்மர்' குடும்பத்தைச் சேர்ந்தது. ஒளிர்வது பொருளின் வேலை, பார்ப்பவருடையது அல்ல.

இந்த நுணுக்கமெல்லாம் இலக்கியத்துக்குத்தான், வாழ்க்கைக்கு எதற்கு என்று கேட்பவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவேன். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கண்ணால் காணக்கூடிய ஒன்றைப் பற்றிய வாய்மொழிச் சாட்சியம் அதைக் கண்டதாகச் சொல்பவரிடமிருந்தே வர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சாட்சியச் சட்டம் வந்திருக்கிறது. இந்த விதி மாறவில்லை. அப்படியானால் கண்டேன் என்பதன் எல்லை எது?

ஆங்கிலத்தில் 'ஐ ஸா ஹிம் கிராஸ் த ரோட்' என்றால் அவர் சாலையைக் கடந்து மறுபுறம் சேர்ந்ததுவரை பார்த்தேன். 'ஐ ஸா ஹிம் கிராஸிங் த ரோட்' என்றால் கடந்துகொண்டிருந்தபோது பார்த்தேன். சேர்ந்தாரா என்பது இந்த வாக்கியத்தில் இல்லை. 'ஐ ஸா தட் ஹி ஹேட் கிராஸ்ட்' என்றால் நடந்ததை நான் பார்க்கவே இல்லாமல், அவர் மறுபுறம் நிற்பதை வைத்து ஊகித்திருக்கலாம். ஜான் பார்வைஸ் என்ற தருக்கவியலாளர் 1981இல் இந்த வாக்கிய அமைப்புகளையே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். முதல் வகையில், பார்த்தவருக்குத் தான் பார்த்தது என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இன்னாரென்று அறியாமலே இன்னார் சாலையைக் கடந்ததை ஒருவர் கண்டிருக்கலாம். 'தட்' வந்துவிட்டால் அறிவும் கூடவே வந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சி தமிழில் பேசுகிறார். வழக்கு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே மொழி ஆங்கிலம். விபத்து வழக்கில் "அவர் ரோட்டைத் தாண்டுனதப் பாத்தேன்" என்று ஒருவர் சொல்லியிருந்தால், மொழிபெயர்ப்பவர் 'கிராஸ்' என்று எழுதுவதா, 'கிராஸிங்' என்று எழுதுவதா? ஒன்றில் அடிபட்டவர் சாலையை முழுக்கக் கடந்துவிட்டவர். ஓரமாக நின்றவர்மேல் வண்டி ஏறியிருக்கிறது. மற்றதில் அவர் இன்னும் நடுச்சாலையில் இருந்திருக்கலாம். இழப்பீடே இதைப் பொறுத்து மாறக்கூடும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை பார்ப்பவர் ஒருவர் இருந்தார். பார்ப்பவரே இல்லாத வாக்கியமும் உண்டு: 'ஷி லுக்ஸ் டயர்ட்'. களைப்பாகத் தெரிகிறாள். யாருக்கு என்பது வாக்கியத்தில் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த ஓகெ வீபெரி என்ற மொழியியலாளர் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் புலன் வினைகளை ஒப்பிட்டு 1980களில் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒவ்வொரு புலனுக்கும் மூன்று இடங்கள் என்பது அவர் வகுத்த சட்டகம்: முயற்சி, பேறு, தோற்றம். பார்வையில் ஆங்கிலம் முயற்சிக்கும் தோற்றத்துக்கும் 'லுக்' என்ற ஒரே சொல்லை வைத்து, பேற்றுக்கு 'ஸீ' என்று தனிச்சொல் வைத்திருக்கிறது. தமிழில் என்ன நடக்கிறது? முயற்சிக்குப் பார். பேற்றுக்குத் தெரி: எனக்கு மலை தெரிகிறது. தோற்றத்துக்கும் அதே தெரி: மலை நீலமாகத் தெரிகிறது. மூன்று இடங்களை இரண்டு சொற்களால் நிரப்புவதில் இரு மொழிகளும் ஒன்றுதான். எந்த இரண்டைச் சேர்த்துக் கட்டுவது என்பதில் எதிரெதிராகப் போயிருக்கின்றன. நம் பிள்ளைகள் 'லுக்' என்ற சொல்லைத் தோற்றத்துக்குப் பயன்படுத்தத் தயங்குவதன் காரணம் இது. பார் என்று படித்த சொல் திடீரென்று தெரி ஆகிவிட்டால் யாருக்கும் தயக்கம் வரும். காரணத்தைச் சொல்லிவிட்டால் அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

காதுக்குப் போனால் கணக்கு மறுபடி மாறுகிறது. அங்கே ஆங்கிலம் 'லிஸன்', 'ஹியர்', 'சவுண்ட்' என்று மூன்று இடங்களுக்கும் மூன்று சொல் வைத்திருக்கிறது. மூக்குக்கு மூன்றுக்குமே 'ஸ்மெல்' ஒன்றுதான். தமிழில் கேள் என்ற ஒரு சொல் செவிசாய்ப்பதையும் கேட்கப்பெறுவதையும் வினவுவதையும் சேர்த்துச் சுமக்கிறது. பேற்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால் காதில் விழுந்தது என்கிறோம். கண்ணில் படுவதும் காதில் விழுவதும் ஒரே அச்சில் வார்த்த தொடர்கள். அதை விரிக்க இன்னொரு மாலை வேண்டும். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.